ஊசி விழுந்தாலும் எடுக்கும் மைக்

அண்ணனின் முதல் பாட்டைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தாலே நான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன். அந்தப் பாட்டை வைத்துத்தான் அவனுக்கு மேடை கிடைத்தது, அதில் எனக்கும் பங்கு உண்டு என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். என்ன பங்கு என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அண்ணன் கூடப் படித்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு இசைக்குழு வைத்திருந்தான். ஒருவன் கீபோர்டு, ஒருவன் கிதார், இன்னொருவன் கையில் எது கிடைத்தாலும் தட்டுவான். கல்யாணக் கச்சேரி நடத்தும் கடலூர்க்காரர் ஒருவர், சொந்தப் பாட்டு ஒன்றைச் சுத்தமாகப் பதிவு செய்து அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லை, வீட்டிலேயே செய்வதென்று முடிவானது. கம்ப்யூட்டர் கீபோர்டுக்காரனிடம் இருந்தது. மைக் மட்டும் வாங்க வேண்டும்.

குறைந்த விலையில் நல்ல மைக் எது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. அப்பாவின் போனில் அது சம்பந்தமான வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தவள் நான் ஒருத்திதான். பாதி புரியவில்லை. புரியாத வார்த்தைகளைத்தான் நான் அதிகமாகச் சொன்னேன், அதனாலேயே எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

அப்பா பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் மாவு கலக்கும் வேலை பார்த்தார். சாயங்காலம் வரும்போது கண் இமை வரைக்கும் வெள்ளையாக இருப்பார். கூடவே ஒரு வறட்டு இருமல் வரும். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம், யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

அண்ணனுக்குப் பரீட்சை இருந்ததால் அப்பாவும் நானும் பஸ் ஏறி மங்கலம்பேட்டை போனோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சாமான்களை விற்கிற கடை அது. கடைக்கார பாய் இரண்டு மைக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று, மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற சாதாரணக் கறுப்பு மைக். இன்னொன்று தங்க நிற வலை போட்டுத் தடியாக, தனி ஸ்டாண்டோடு இருந்தது. வீடியோவில் எல்லோரும் வைத்திருந்தது அதைத்தான். ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். கடை வாசலில் நின்றிருந்த அப்பா இருமியது என் காதுக்குள்ளேயே இருமியது போலக் கேட்டது.

"இது ஊசி வுழுந்தாலும் எடுக்கும் பாப்பா. வூட்ல வச்சுப் பாடறதுன்னா கறுப்புதான் சரி, வாய்க்கிட்ட இருக்கறத மட்டும் எடுக்கும். வெலையும் கம்மி" என்றார் பாய்.

ஊசி விழுந்தாலும் எடுக்கும் என்று அவர் எச்சரித்ததை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் தங்க வலையைக் காட்டினேன். "புள்ள சொன்னா சரியா இருக்கும்ங்க" என்றார் அப்பா. ஒத்துவரவில்லை என்றால் இரண்டு நாளில் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று பாய் சொல்லி அனுப்பினார்.

அறையில் எதிரொலி வரக்கூடாது என்றும் நான்தான் சொன்னேன். பொம்மைகளை வைக்கோல் வைத்துத்தான் பெட்டியில் அடுக்குவார்கள். அப்பா பட்டறையில் கேட்டு நாலு மூட்டை வைக்கோலைச் சைக்கிளில் ஏற்றி வந்து சுவரோரம் அடுக்கித் தந்தார். அந்தத் தூசியில் அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட அதிகமாக இருமினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபேனை நிறுத்தினோம். அம்மா முன்கூட்டியே சமைத்துவிட்டு அடுப்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பாடினான். இரண்டாவது சரணத்தில் கொல்லைப்பக்கமிருந்து அப்பாவின் இருமல் வந்து பாட்டில் ஏறியது. மறுபடி பாடினான், மறுபடி ஏறியது.

"யாருடா இருமறது?" என்று கீபோர்டுக்காரன் ஹெட்போனைக் கழற்றினான்.

அண்ணன் என் பக்கம் திரும்பி, "இந்த மைக்கு இவ்ளோ இழுக்குதே, சரியாப் பாத்துதான் வாங்குனியா?" என்றான்.

மாற்றிவிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாய் கொடுத்த கெடு மறுநாள் வரைக்கும் இருந்தது. நாலு பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. "மைக்கு நல்ல மைக்குதான். அப்பாதான் இருமிக்கிட்டே இருக்காரு" என்றேன்.

கொல்லைக்குப் போய், "கொஞ்ச நேரம் அடக்கிக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டேன். தும்மலையும் கொட்டாவியையும் போல நினைத்தால் அடக்கிக்கொள்ளக்கூடியது என்றுதான் இருமலை நினைத்திருந்தேன். பட்டறைத் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அப்பா துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டார். அடக்கி அடக்கி வந்த அந்தச் சத்தம் இன்னும் மோசமாகப் பதிவானது.

"வெளிய எங்கயாவது போயிட்டு வாங்களேன்பா" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

"அவரு வூடுடி இது" என்றார் அம்மா மெதுவாக.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நல்லாப் பாடுங்க தம்பி, போயிட்டு வரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டு சுத்தமாக வந்தது. அஞ்சு மணிக்கு எல்லோரும் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். "சூப்பர் மைக்கு பாப்பா" என்று கிதார்க்காரன் சொன்ன அதே நேரத்தில் வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம். நான் மட்டும் எழுந்து கதவருகே போனேன்.

"முடிஞ்சிடுச்சாம்மா? உள்ள வரலாமா?"

முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் உள்ளே வந்தால் இருமுவார், இவர்களுக்கு மறுபடி மைக்கின் மேல் சந்தேகம் வரும். கிடைத்த நல்ல பெயரை இழக்க எனக்கு மனசில்லை. "இன்னும் இருக்குதுப்பா" என்றேன்.

"பாடட்டும், பாடட்டும்" என்று தெருவோரமாகத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அவர்கள் கிளம்பும்போது ஆறரை. அப்பா வாசலிலேயே பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு போண்டா கொடுத்து அனுப்பினார். கடைசியாக எனக்கு ஒன்று கொடுத்தார். ஒரு கடி கடித்துவிட்டு, "என்னப்பா, ஆறிப்போனத வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்றேன்.

"ஆமாம்மா, கொஞ்சம் சீக்கிரம் வாங்கிட்டேன்" என்றார்.

அடுத்த தடவையாவது சூடாக வாங்கிவரச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி நான் அதைத் தின்று முடித்தேன்.