யூ மரத்து வில்லும் ஒரு பெட்டிப் பாரமும்

கண்ணாடிக்குப் பின்னால் அது வெறும் தடியாகத்தான் கிடந்தது. மழைக்கு ஒதுங்கத்தான் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். எனக்குத் தெரிந்த வில்லெல்லாம் கோயில் கலண்டரில் வருகிற வில். பொன் பூசியிருக்கும், இரண்டு முனையும் சுருண்டிருக்கும். இது என்னைவிட உயரம். ஒரு பூவேலைகூட இல்லை. மூழ்கிய கப்பலோடு கடலுக்கடியில் பல நூறு வருடம் கிடந்து மீண்டது என்று எழுதியிருந்தார்கள்.

பக்கத்தில் அதே அளவில் புதிதாகச் செய்த ஒன்றை வைத்திருந்தார்கள். அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கிற முதுகுப் பக்கம் பால் வெள்ளை, அவரை நோக்கியிருக்கிற வயிற்றுப் பக்கம் செம்மஞ்சள். இரண்டு மரத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லையாம். ஒரே மரம், இந்த நாட்டுத் தேவாலய முற்றங்களில் நிற்கிற யூ. வெளியே வெள்ளையாக இருப்பது வெளிறு, எவ்வளவு இழுபட்டாலும் அறாது. உள்ளே இருப்பது வைரம் பாய்ந்த பகுதி, எவ்வளவு நசுங்கினாலும் மடங்காது. வளைகிற ஒரு பொருளுக்கு இந்த இரண்டும்தான் வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான் பொறியியல் படித்தபோது இதற்கென்றே ஒரு முழுப் பாடம் இருந்தது. மரமோ காற்றில் வளைந்து நிமிரத் தேவையென்று தானாகவே வளர்த்து வைத்திருக்கிறது. யாரோ ஒருவர் அதைக் கவனித்து, வெட்டி, நாண் கட்டியிருக்கிறார். கண்ணாடியில் என் மூக்கு முட்டியதும் காவலாளி என்னைப் பார்த்துச் செருமினார்.

வீடு திரும்பும் ரெயிலிலிருந்து மனோர் பார்க்கில் இறங்குவதற்குள் நானும் ஒன்று செய்வதென்று முடிவாகிவிட்டது.

வீட்டில் யாரும் அசரவில்லை. எங்கள் தோட்டத்துக் கொட்டிலில் ஏற்கெனவே பாதி வர்ணம் பூசிய சைக்கிள் ஒன்றும் தந்தி அறுந்த வயலின் ஒன்றும் இருந்தன. இதுவும் மூன்று கிழமைதான் என்றார் அம்மா. பஸ் ஓட்டுகிற அப்பா மட்டும், அம்பு எங்கே போய் விழும் என்று கேட்டார்.

மரம் கிடைத்தது என் அதிர்ஷ்டம். கென்ட்டில் ஒரு தேவாலய முற்றத்தில் புயலுக்கு முறிந்த யூ மரக் கிளையை, என்னோடு வேலை செய்பவளின் மாமா பிளந்து கராஜில் வருடக்கணக்காகக் காயவிட்டிருந்தார். தோட்டத்தில் உட்கார ஒரு வாங்கு செய்ய நினைத்தாராம், செய்யவில்லை. வில்லுக்கு ஆகிற மாதிரிக் கணு குறைந்து நேராக இருந்தது ஒரே ஒரு துண்டு. உடைத்தால் இன்னொன்று இல்லை என்று சொல்லித்தான் தந்தார்.

லூயிஷாம் வரைக்கும் ரெயில், பிறகு லைட் ரெயில், பிறகு எலிசபெத் லைன். என் தோளில் ஆளுயரத் தடி. எதிரே இருந்த நம்மூர் அம்மா ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "காவடிக்கோ பிள்ளை?" என்று கேட்டார். வில்லுக்கு என்றேன். அவர் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

யூ மரத்தூள் நஞ்சு. முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை. இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் வயிற்றுப் பக்கத்தைச் சீவுவேன். முதுகுப் பக்கத்தில் மரப்பட்டைக்குக் கீழே ஒரே ஓர் ஆண்டு வளையத்தை முனையிலிருந்து முனைவரை அறாமல் விடவேண்டும். அந்த வளையத்தில் கத்தி ஒரு இடத்தில் இறங்கினாலும் பிறகு அங்கேதான் முறியும். ஒரு கோடை காலத்தில் மரம் வளர்ந்த வளர்ச்சி, என் நகத்தளவும் தடிப்பில்லை. அதன் மேல்தான் முழு வில்லும் தொங்குகிறது. அந்தக் கோடையில் அந்த முற்றத்தில் யார் கலியாணம் முடித்தார்களோ, யாரைப் புதைத்தார்களோ என்று நினைத்தபடி சீவினேன்.

பிறகு வளைத்துப் பழக்குவது. கொட்டில் சுவரில் வில்லைக் கிடையாக மாட்டி, நாணில் கட்டிய கயிற்றைக் கீழே ஒரு கப்பியில் விட்டு, எதிர்ச் சுவரிலிருந்து மெல்ல இழுக்கவேண்டும். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே கொஞ்சம் சுரண்டி, மறுபடியும் இழுத்துப் பார்க்கவேண்டும். கயிற்றின் நுனியில் எங்கள் வீட்டுப் பயணப்பெட்டித் தராசைக் கொளுவினேன். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற அதே கொக்கித் தராசு. முழு இழுவையில் இருபத்துமூன்று கிலோ காட்டவேண்டும் என்பது என் கணக்கு, அதாவது விமானத்தில் விடுகிற ஒரு முழுப் பெட்டி. அந்த மூழ்கிய கப்பலின் வில்லுகள் இரண்டு பெட்டிக்கு மேலே என்கிறார்கள். அவற்றை இழுத்த தோள்களை நினைத்தாலே எனக்கு மூச்சு நிற்கும்.

முதல் தடவை வில்லின் இரண்டு கையும் ஒரேயளவாக, ஒரு முனகலும் இல்லாமல் வட்டமாக வளைந்தபோது கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். மரம் என்பது கதவும் மேசையும் என்றே நினைத்து வளர்ந்தவள் நான். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் அவர் நேரே கொட்டிலுக்குத்தான் வருவார். காலுக்குள் விட்டு வளைத்து நாண் ஏற்றுவதையும் பார்த்துப் பழகிக்கொண்டார்.

நவராத்திரி வந்தது. வேலை விஷயமாக நான் மான்செஸ்டர் போயிருந்தேன். திரும்பி வந்தது சரஸ்வதி பூசையன்று மாலை. முன்னறையில் கும்பத்துக்குப் பக்கத்தில் தம்பியின் லாப்டாப், அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் கார்த் திறப்பு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நடுவில் என் வில். மாலை போட்டு, நாண் ஏற்றி, அதுவும் எரிகிற ஹீட்டருக்கு நேர் மேலே.

வில்லைச் சும்மா வைக்கும்போது நாணை இறக்கிவிட வேண்டும். ஏற்றியபடியே விட்டால் மரம் அந்த வளைவையே தன் வடிவமாக எடுத்துக்கொண்டு பலம் இழந்துவிடும். சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எப்போது ஏற்றியது என்று கேட்டேன். முந்தாநாள் என்றார் அப்பா, பெருமையாக.

"நாண் இல்லாமல் அம்மாளுக்கு முன்னாலை வைக்கிறதோ? தடியெண்டெல்லோ அவ நினைப்பா," என்று விளக்கமும் சொன்னார்.

நான் கையை நீட்டினேன். "தொடாதை," என்றார் அம்மா. "விடிய ஏடு எடுக்குமட்டும் ஒண்டும் எடுக்கேலாது."

வைத்த ஆயுதத்தை விஜயதசமி வரைக்கும் எடுக்கக்கூடாது. எனக்கும் தெரிந்த முறைதான், பரீட்சைக் காலத்தில் புத்தகத்தை வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டவள் நான். விஷயத்தை விளக்கினேன். அப்பாவின் முகம் மெல்லச் சுருங்கியது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த சின்னம்மா, தையல் மெஷின் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்றார். அம்மா எழுந்துபோய் வீட்டு ஹீட்டிங் முழுவதையும் நிறுத்திவிட்டு வந்தார். அன்று தேவாரம் பாடியதும் சுண்டல் சாப்பிட்டதும் எல்லோரும் கோட்டு போட்டபடிதான்.

விடிந்ததும் வழக்கப்படி முதலில் ஏட்டைத்தான், பூசைக்கு வைத்த புத்தகத்தை, எடுக்கவேண்டும். அம்மா வில்லைக் காட்டி, "முதல் உதை எடு," என்றார்.

நாணை இறக்கினேன். வில் நிமிரவில்லை. தரையில் கிடத்தினால் நடுவுக்கும் கம்பளத்துக்கும் இடையில் நாலு விரல் போனது. முன்பு ஒரு விரல்கூடப் போகாது. அப்பா தன் விரல்களையும் விட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

குளிர்ந்த கொட்டிலில் அப்படியே விட்டேன். அடுத்த நாள் மூன்று விரல். அந்தக் கிழமை முடிவில் இரண்டு. யாரும் தொடவில்லை. வெட்டி, பிளந்து, காய்ந்து, சீவிய மரம், தான் நின்ற நிலையை நோக்கித் தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது. தினமும் விடிய கையைக் கழுவுவதற்கு முன் அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். சாமியறைக்குள் போகும்போதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை.

இரண்டு விரலில் நின்றுவிட்டது. நவராத்திரிக்கு முன் இருபத்துமூன்று காட்டிய தராசு இப்போது பத்தொன்பது காட்டியது.

போன சனிக்கிழமை வில்வித்தைக் கழகத்து மைதானத்தில் முதல் அம்பை விட்டேன். கன்னம்வரை இழுத்தேன், முறியவில்லை. விரல் விட்டதும் அம்பு ஒரு கணம் எங்கேயும் இல்லை, பிறகு வெகு தூரத்தில் புல்லில் நின்றது. அப்பா அதை எடுக்க ஓடினார், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. திரும்பி வந்து, முன்பென்றால் இன்னும் தூரம் போயிருக்குமோ என்று கேட்டார். ஓம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

இழந்த பாரத்தை மீட்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு முனையையும் கொஞ்சம் வெட்டிக் குறைத்தால் வில் விறைக்கும். ஆனால் அதே வளைவைக் குறைந்த நீளம் தாங்கவேண்டும், அந்த ஒற்றை வளையமும்தான். தாங்காவிட்டால் கையில் இரண்டு விறகு. பத்தொன்பதோடு விட்டாலும் அது வில்தான், இதைச் சொல்லாத ஆள் இல்லை. என்னால் முடியவில்லை. நாலு விரலிலிருந்து இரண்டுக்குத் தானாக வந்த மரம் இன்னும் எவ்வளவுக்கு வரும் என்று பார்க்காமல் இருக்க ஏலாது.

வருகிற சனிக்கிழமை வெட்டப் போகிறேன். ஒவ்வொரு முனையிலும் இரண்டு விரல் அகலம். பிறகு நாண் மாட்ட முனைகளில் புதிதாக வெட்டு போட்டு, மறுபடி கப்பியில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இருபத்துமூன்றுக்கு. அப்பா அன்றைய ஷிப்டை மாற்றிவிட்டார். நேற்று கொட்டில் வாசலில் நின்று, மரம் அரிகிற வாளைப் பார்த்தபடி கேட்டார்:

"வாளாலை அரியேக்கை நான் பிடிக்கட்டோ?"

"பிடியுங்கோ அப்பா. நாண் மட்டும் நான் ஏத்துறன்."