வெளியே போகிறவர்களின் அலமாரி

“நீ பொஸ்தகத்தப் பொரட்டி முடிக்கறதுக்குள்ள அவன் பிளைட் ஏறி எறங்கிடுவாம்மா” என்றார் நைனா. சென்ற ஆண்டு, மழைக்காலம் முடிந்த சமயம். எர்ணாவூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கேலியாகச் சொல்லவில்லை, என்மேல் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது.

விஷயம் இதுதான். என் தம்பி மணலியில் ஒரு பட்டறையில் வெல்டர். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தவறியவன், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. தண்டையார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருந்த ஒருவர் வளைகுடாவில் வெல்டிங் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார். இரண்டு வாரத்தில் பயணம். ஆனால் வந்தது விசிட் விசா. அங்கே போய் இறங்கியதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமாம். விமான நிலையத்தில் யாராவது கேட்டால் சித்தப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டுமாம். அதற்கு வீட்டில் ஒத்திகையே நடந்தது. அம்மாதான் அதிகாரி.

“யாரப் பாக்கப் போற?”

“சித்தப்பாவ.”

“சித்தப்பா பேரு இன்னா?”

தம்பி யோசித்தான். “அத்த அவரு இன்னும் சொல்லல.”

அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டு, ராயபுரத்தில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தாளில் ஒரு சரக்கும் பெட்டிக்குள் வேறொரு சரக்கும் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பெட்டி துறைமுக யார்டிலேயே நிற்கும். அனுப்பியவர் போனை எடுக்க மாட்டார். தம்பியையும் அப்படித்தான் அனுப்பப் போகிறார்கள் என்று தோன்றியது. ஆனால் தோன்றியதைச் சொன்னால் வீட்டில் யார் கேட்பார்கள்?

“நீ ஆபீஸ்ல ஃபேன் கீழ குந்திகினு கீற, நான் நெருப்பாண்ட நிக்கறேன். உனக்கு இன்னா தெரியும்?” என்றான் தம்பி. அதில் பொய் ஒன்றுமில்லை. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்று எழுத்திலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இணையத்தில் தேடினால் ஏஜென்ட்டுகளின் விளம்பர வீடியோக்கள்தான் வரிசையாக வந்தன. திருவொற்றியூரில் நான் உறுப்பினராக இருக்கும் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வு கைடுகள் நிறைய இருந்தன, சட்ட நூல்கள் இல்லை. நகரத்தின் தெற்கே இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு விம்கோ நகரில் மெட்ரோ ஏறினேன்.

அங்கே சட்டத்துக்கென்று தனிப் பிரிவே இருந்தது. மேசையில் இருந்த அலுவலரிடம், “குடியேற்றச் சட்டம், விசா கொள்கை தொடர்பான நூல்கள் எங்கே இருக்கின்றன?” என்று மேடையில் பேசுவதுபோல் கேட்டேன். அவர் ஓர் அலமாரியைக் காட்டினார். மதியம் வரை அதிலேயே மூழ்கிக் கிடந்தேன். வெளிநாட்டவர், அகதி, குடியுரிமை, யாரை நாட்டுக்குள் விடலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று எல்லாம் இருந்தது. எர்ணாவூரிலிருந்து கிளம்பிப் போகிற ஒருவனைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எழுந்து போய் மறுபடியும் கேட்க மனம் வரவில்லை. பட்டம் வாங்கியவளுக்குப் புத்தகம் தேடத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களே.

“இன்னாமே, அதே எடத்துலயே நின்னுகினு கீற? எதுனா தொலைச்சிட்டியா?”

அந்த ஏசி அமைதியில் எங்கள் தெருவின் பேச்சு காதில் விழுந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் அரசியலமைப்புச் சட்டப் புத்தகம். நான் “ஒரு சட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்” என்று ஆரம்பித்தேன்.

“ராகம் போடாத. எந்தப் பக்கம் நீ?”

“எர்ணாவூரு.”

“நான் புளியாந்தோப்பு. சொல்லு.”

அவர் குழந்தைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்க வந்துகொண்டிருந்தார். நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் என் அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். “இது உள்ள வர்றவனுக்கு. உன் தம்பி வெளிய போறவன். அதுவும் வேலைக்குப் போறான். லேபர் லா பக்கம் போய்ப் பாத்தியா?”

பார்க்கவில்லை. நாடு விட்டு நாடு போவது என்றால் விசாதான் என்று நினைத்திருந்தேன். கூலிக்குப் போகிறவனுக்கான சட்டம் தொழிலாளர் சட்டங்களோடுதான் இருந்தது. மெல்லிய ஒரு புத்தகம். ஆட்களை வேலைக்கு அனுப்புகிறவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக முன்கூட்டியே அரசின் அனுமதி வாங்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகுதான் அந்த அனுமதி தருவார்கள். நின்றபடியே இரண்டு முறை படித்தேன்.

“பழைய பதிப்பு இது. நடுவுல ரூல் மாறிகினே இருக்கும், இத்த மட்டும் நம்பாத” என்று சொல்லி, அங்கிருந்த கணினிக்கு அழைத்துப் போனார். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சகம் தந்த பதில்களும் இருக்கும் தளத்தைத் திறந்தார். தேர்வு எழுதுகிறவர்கள் நடப்பு நிகழ்வுகளுக்காக அதைப் படிப்பார்களாம். “ஏமாந்தவன் கதை அத்தினியும் இதுலதான் கீது” என்றார்.

உண்மைதான். விசிட் விசாவில் போய் வேலை செய்தவர்கள், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள், சம்பளம் வராமல் புகார் சொல்லவும் முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பெயரைச் சரிபார்க்கும் அரசுத் தளத்தின் முகவரியும் அந்தப் பதில்களிலேயே இருந்தது. அதில் செல்போன் கடைக்காரரின் பெயரைப் போட்டேன். கடையின் பெயரையும் போட்டேன். இரண்டுமே இல்லை.

அந்தப் பெண் ‘பார்த்தாயா’ என்றெல்லாம் சொல்லவில்லை. “சரி, அச்சு எடுத்துக்கோ. எங்கம்மா போன் மேல போன் போடுது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை.

வீட்டில் நான் பிரசங்கம் செய்யவில்லை. தாள்களைத் தம்பியிடம் கொடுத்து அவனையே படிக்கச் சொன்னேன். மெதுவாகப் படித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் இருவரும் தண்டையார்பேட்டைக்குப் போனோம். கடையில் அதே பயணத்துக்குக் காத்திருந்த மூன்று பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணே, உன் ரிஜிஸ்டர் நம்பர் இன்னா?” என்றான் தம்பி.

கடைக்காரர் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “தங்கச்சி, படிச்சவங்க பேச்சக் கேட்டா இந்த ஏரியால எவனும் எண்ணூரத் தாண்ட மாட்டான்.”

“அது கெடக்கட்டும். சித்தப்பா பேரயாவது சொல்லுண்ணே” என்றான் தம்பி.

மூலையிலிருந்த பையன் நிமிர்ந்தான். “உனக்கும் சித்தப்பாவா? எனக்கும் சித்தப்பாதான் சொல்லிக்கீறாரு.”

“எனக்கும்பா” என்றான் இன்னொருவன்.

தம்பி தன் பாஸ்போர்ட்டைக் கேட்டான். கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து அதைக் கவுன்ட்டர் கண்ணாடி மேல் எறிந்தார். மூலையில் இருந்தவனும் எழுந்து தன்னுடையதை வாங்கிக்கொண்டான். மற்ற இருவரில் ஒருவன் பயணம் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அங்கே அவன் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

தம்பி என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. ஏமாறாமல் தப்பித்தது ஒரு பக்கம், கைக்கு வந்த பயணம் போனது ஒரு பக்கம். வெளிநாட்டு ஆசை அவனுக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் அந்த முன் அனுமதி தேவையில்லை. நைனாவுக்கு அது பிடித்துப்போனது. “அப்ப எவனும் எதுவும் கேக்க மாட்டான், நல்லதுதான?” என்றார். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. பத்தாவது தேறியவனிடம் ஒப்பந்தம் எங்கே, ஏஜென்ட் யார் என்று அரசாங்கம் கேட்காது என்றால், அதையெல்லாம் அவனே கேட்டுக்கொள்வான் என்று நம்புகிறார்கள் என்றுதான் அர்த்தம். படிப்பு என்பது யாரும் கேட்காதபோது நாமே கேட்டுக்கொள்வது என்று நான் புரிந்துகொண்டது அப்போதுதான். அடுத்த தேர்வில் அறிவியல் தாளைத் தனித்தேர்வராக எழுதத் தம்பியின் பெயரைப் பதிவு செய்துவிட்டேன்.