பெண்கள் வண்டி

வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில், புப்தா செரோதெத்தோவின் தோல் கூடாரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் அந்தக் கூடாரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தக்கூடியவள் ஒருத்திதான். அவள் அவருடைய மகள் ஹத்னே. வயது இருபத்தொன்று.

புப்தாவும் மகன் யெசிகோவும் அறுநூறு பனிமான்களை மேய்த்தார்கள், சுருக்குக் கயிறு வீசி மான் பிடித்தார்கள், ஓநாயைத் துரத்தினார்கள். ஆனால் தரைப்பலகைகளையும், அடுப்புக்கு அடியில் கிடக்கும் இரும்புத் தகட்டையும், பெண்களின் காலணிகளையும் சுமக்கும் சறுக்குவண்டியை மட்டும் அவர்கள் தொடமாட்டார்கள். அது பெண்கள் வண்டி. அதில் ஆண் கை பட்டால் மந்தைக்கு ஆகாது. வண்டித் தொடர் புறப்படும்போது அது கடைசியில் வரவேண்டும். குடும்பத்துத் தெய்வங்களைச் சுமக்கும் தெய்வ வண்டிக்கு முன்னால் அது ஒருபோதும் போகக்கூடாது. பலகைகளைப் பெண் ஏற்றாவிட்டால் கூடாரம் நகராது. கூடாரம் நகராவிட்டால், மான்கள் தமக்கு இரையான தரைப்பாசியை நின்ற இடத்திலேயே மிதித்துத் தீர்த்துவிட்டுத் தம் போக்கில் போய்விடும்.

ஹத்னே பிறந்தபோது மூன்று நாள் விடாமல் பனிப்புயல் அடித்தது. பெயரும் அதனால் வந்ததுதான். ஏழு வயதில் அவளை ஹெலிகாப்டரில் ஏற்றி யார்-சலே ஊரின் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். முதல் வாரம் அவள் அங்கே கொடுத்த சூப்பைத் தொடவில்லை; பச்சை ஈரல் கேட்டு அழுதாள். பிறகு சூப்பும் பழகியது, பள்ளியும் பழகியது. பதினைந்து வயதில், புத்தகத்தைப் பார்க்காமலே இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து காட்டினாள். மருத்துவப் படிப்புக்கு ஏற்ற கை என்று ஆசிரியை சொன்னார்.

பள்ளி முடித்துத் திரும்பிய கோடையில் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. வானொலிக் கருவியில் செய்தி சொன்னார்கள். கடல்மூட்டம் இரண்டு நாள் கலையவில்லை. மூன்றாம் நாள் ஹெலிகாப்டரின் ஓசை கேட்டபோது, அம்மாவின் கை ஹத்னேயின் கைக்குள் குளிர்ந்து கிடந்தது. குடல்வால் வெடித்துவிட்டது என்றார் வந்த மருத்துவர். வலித்த இடத்தில் உப்பைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தார்களா என்றும் கேட்டார். கொடுத்தவள் ஹத்னே. அது செய்யக்கூடாதது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அந்த இலையுதிர்காலத்தில் சலேகார்ட் நகரத்து மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் போகவில்லை. அம்மா விட்டுச்சென்ற பலகைகளை ஏற்ற வேறு யாரும் இல்லை. அடுத்த ஆண்டு போகலாம் என்றாள். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே சொன்னாள். இவ்வாறு நான்கு ஆண்டுகள் சென்றன.

இந்த ஆகஸ்டில், கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் மேட்டின்மேல் நின்றிருந்தபோது கல்லூரியின் செய்தி வந்தது. அதை அவள் இரண்டு முறை படித்தாள். பக்கத்தில் கவிழ்ந்து படுத்திருந்த யெசிகோ தலையைத் தூக்கினான்.

“என்ன, எவனாவது காதல் கடுதாசி போட்டிருக்கானா?”

“கல்லூரிக்காரங்கண்ணா. செப்டம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள வரணுமாம். இதுக்கு மேல இடத்தை நிறுத்தி வைக்க முடியாதாம்.”

யெசிகோ எழுந்து உட்கார்ந்தான். “போயேன்.”

“போனா வண்டியை யாரு கட்டுறது? உனக்குத்தான் ஒருத்தியும் அமைய மாட்டேங்குறாளே!”

“நான் என்ன பண்ண? போன வசந்தத்துல பாத்தமே ஒருத்தி, உங்க வீட்டுல வெந்நீர்க் குழாய் இருக்கான்னு கேட்டா. ஆத்தைக் காமிச்சேன். ‘கடல் வரைக்கும் போற குழாய் இது, வெந்நீர் மட்டும்தான் வராது’ன்னேன். விருட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டா.”

ஹத்னே சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. யெசிகோ அதைப் பார்க்காதவன்போல மந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று பிற்பகல் தேநீரின்போது அவள் தந்தையிடம் சொன்னாள். பக்கத்துக் கூடாரத்துச் செர்னே அத்தையும் அங்கிருந்தாள். புப்தா மான்கொம்பில் சேணத்து வாரை மாட்ட ஒரு கொளுவியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது, பிறகு மறுபடியும் ஓடியது.

“போறவளை நான் கால்ல கயிறு போட்டுக் கட்டலை,” என்றார். “பலகையை என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

“டாக்டரம்மா ஊசி எடுத்துட்டுப் பட்டணம் போயிட்டா, நீங்க ரெண்டு பேரும் பலகை மேல உக்காந்து பாட்டுப் பாட வேண்டியதுதான்,” என்றாள் செர்னே அத்தை. “பேசாம என் ரெண்டாவது பையனுக்குக் குடுங்கண்ணே. கண்ணு முன்னாலயே இருப்பா.”

“உங்க பையனைக் கட்டுனா உங்க பலகையைத்தானே ஏத்துவா அத்தை? எங்களுக்கு என்ன கிடைக்கும்? உக்காந்து வேடிக்கை பாக்கலாம்,” என்றான் யெசிகோ.

“வாயி மட்டும் நல்லா இருக்கு. அந்த வாயாலதான் உனக்குப் பொண்ணு கிடைக்கலை.”

புப்தா கொளுவியின் தூளை ஊதினார். “உங்கம்மா இருந்திருந்தா உன்னை அனுப்பி வச்சிருப்பா,” என்று மகளைப் பார்க்காமல் சொன்னார். 

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் ஹெலிகாப்டர் இருபத்தேழாம் தேதி வருவதாக இருந்தது. அதில் அவளுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். இருபத்தேழாம் தேதி மூட்டம் இறங்கியது. இருபத்தெட்டாம் தேதியும் கலையவில்லை. அதற்குள் தெற்குச் சரிவில் காளான்கள் முளைத்துவிட்டன. காளான் வாசம் பிடித்த மான்களை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க யாராலும் முடியாது. இருபத்தொன்பதாம் தேதி காலையில் புப்தா கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார்.

ஹத்னே மறுக்கவில்லை. ஹெலிகாப்டர் வராவிட்டால் தன் கேள்விக்குத் தானாகவே ஒரு விடை கிடைத்துவிடும் என்று எண்ணினாள். அந்த எண்ணத்தில் ஓர் ஆறுதல் இருந்தது, அதற்காக வெட்கமும் இருந்தது. தோல் உறைகளை இறக்கினாள், கம்புகளைக் கட்டினாள். மற்ற வண்டிகளெல்லாம் மான் பூட்டி வரிசையில் நின்றன. பெண்கள் வண்டியில் மூன்று பலகைகளை வைத்துவிட்டு நான்காவதைத் தூக்கியபோது, மூட்டம் கிழிந்து ஓசை கேட்டது.

ஹெலிகாப்டர் செர்னே அத்தையின் கூடாரத்துக்கு அப்பால் இறங்கியது. வானோட்டி கதவைத் திறந்து, வானம் மறுபடியும் மூடப்போகிறது, பத்து நிமிடந்தான் என்று கத்தினார். ஹத்னே பலகையைக் கையில் ஏந்தியபடி நின்றாள். ஒழுங்காக அடுக்கிக் கட்டி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும்.

யெசிகோ ஓடிவந்தான். “விடு அதை. பையை எடு.”

“கிட்ட வராதண்ணா!”

“விடுங்குறேன்ல!” பலகையை அவள் கையிலிருந்து பிடுங்கி வண்டியில் போட்டான். பிறகு இரும்புத் தகட்டை எடுத்தான். பிறகு அம்மாவின் பழைய காலணிகளை எடுத்தான். வாயும் அடங்கவில்லை. “இதுக்குப் போயி இவ்வளவு காலமா பயந்தமே. வெறும் மரம்தான் புள்ள. போ, ஓடு!”

“ஐயோ, மந்தையைக் கொல்லப் பாக்குறானே!” என்று செர்னே அத்தை முகத்தை மூடிக்கொண்டாள்.

புப்தா தம் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். மகனை அடிப்பார் என்று ஹத்னே நினைத்தாள். அவர் அவர்கள் இருவரையும் கடந்து போனார். அணையாத அடுப்புக் கங்கை ஒரு தட்டில் அள்ளி, தீட்டுப் போக்கும் நீர்நாய் மயிரை அதில் போட்டார். அந்தப் புகையை யெசிகோவின் கைகளுக்கும், மான்களின் மூக்குக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் காட்டினார். கடைசியில் மகளுக்கு முன் வந்து நின்று அவளுக்கும் காட்டினார். “போ” என்றும் சொல்லவில்லை. “இரு” என்றும் சொல்லவில்லை. பிறகு தம் வண்டியில் ஏறி, மந்தை போன திசையில் ஓட்டிவிட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஹத்னே ஓடினாள்.

ஹெலிகாப்டர் எழுந்தபோது அவள் சன்னலில் முகத்தைப் பதித்தாள். கீழே வண்டித் தொடர் நகரத் தொடங்கியிருந்தது. யெசிகோ முன்னால் இருந்து ஓட்டினான். அவனுக்குப் பின்னால் பெண்கள் வண்டி போயிற்று. அதற்கும் பின்னால் போனது தெய்வ வண்டி.

அவன் வாழ்நாளில் அந்த வண்டியைப் பூட்டியதில்லை. அவசரத்தில், கயிறு எங்கே காலியாக இருந்ததோ அங்கே பூட்டிவிட்டான். ஹத்னே கண்ணாடியைத் தட்டினாள், கத்தினாள். பக்கத்திலிருந்த பள்ளிச் சிறுமி, அவள் பறக்க அஞ்சுகிறாள் என்று எண்ணி ஒரு மிட்டாயை நீட்டினாள்.

நவம்பரில் மழை பெய்தது. பனிமேல் பெய்த மழை ஒரே நாளில் உறைந்து, பாசியின்மேல் கண்ணாடிபோல் மூடிக்கொண்டது. மான்கள் குளம்பு தேயும்வரை கீறிப்பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே சாய்ந்தன. யெசிகோ கைப்பேசியில் அழைத்தபோது பாதி மந்தை இல்லை.

“எல்லாரும் என்ன பேசிக்கிறாங்கண்ணா?”

“பேசுறதுக்கா ஆளு இல்லை? செர்னே அத்தையோட மானும் செத்துச்சு. அதுக்கும் என் கைதான் காரணமாம். என் கைக்கு இவ்வளவு சக்தின்னு தெரிஞ்சிருந்தா முதல்ல ஓநாயைத் தொட்டிருப்பேன்.” அவன் சிரிக்கவில்லை.

கடல் சூடாகிவிட்டது, காற்றில் ஈரம் கூடிவிட்டது, அதனால் மழை பெய்கிறது என்று விடுதித் தோழிகள் அவளுக்குச் சொன்னார்கள். அது அவளுக்கே தெரியும். உடற்கூற்றுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகளுக்கு நடுவே அந்த வண்டித் தொடரின் வரிசை தெரிந்தது. தான் சன்னல் வழியாகக் கண்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தந்தைக்கு அது தெரியுமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. வகுப்புக்குப் போனாள், ஊசி போடக் கற்றுக்கொண்டாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள். அந்த மதிப்பெண் அவளுக்கு உறுத்தியது.

பிப்ரவரியில் ஒரு நாள் மதியம், அண்ணனின் எண்ணிலிருந்து தந்தையின் குரல் வந்தது. அவர் கைப்பேசியில் பேசியதே இல்லை. மறுகரையில் இருப்பவரை அழைப்பதுபோல் கத்தினார்.

“ஹத்னே! சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்ப்பா.” அவள் விடுதி நடைவழியின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, அன்னிக்கு நான் மேல இருந்து பாத்தேன். பெண்கள் வண்டி தெய்வ வண்டிக்கு முன்னால போச்சு.”

கைப்பேசியில் காற்று இரைந்தது. அதையும் மீறி அவர் கத்திச் சொன்னார்: “தெரியும். ஆத்தைக் கடக்குறதுக்கு முன்னாலயே பாத்துட்டேன். நானே அவுத்துக் கடைசியில பூட்டினேன்.”

“நீங்களா? உங்க கையாலயா?”

“பின்ன, பொம்பளை ஒருத்தியைக் கூட்டிட்டு வர ஊருக்கு ஆள் அனுப்பவா முடியும்?” அவர் இருமினார். “தப்பைத் திருத்தியாச்சு. புகை காட்டியாச்சு. அப்புறமும் செத்துச்சு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் பிடிபடலை.”

 கடல், காற்று, ஈரம் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். முந்நூறு மான்களைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்ல நா எழவில்லை.

“ஏப்ரல்ல வடக்க கிளம்பணும்,” என்றார் புப்தா. “மிச்சம் இருக்குற மானுல பாதி சினை. வழியில ஈனும். யெசிகோ கட்டுன வண்டி ரெண்டு தடவை கவுந்துடுச்சு. நீ ஏப்ரல்ல வருவியா?”

ஏப்ரலில் தேர்வு. அதைத் தவறவிட்டால் முதலாண்டு முழுவதும் வீணாகிவிடும். ‘பார்க்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். நான்கு ஆண்டுகளாக அவள் கல்லூரிக்கு அப்படித்தான் சொல்லி வந்தாள்.

“ஏப்ரல்ல பரீட்சை இருக்குப்பா. வர முடியாது.”

“சரி,” என்றார் அவர். கோபத்தில் சொன்னாரா, இல்லையா என்று அந்த இரைச்சலில் தெரியவில்லை. “அப்போ பலகையை எந்த வரிசையில அடுக்குறதுன்னு சொல்லு. மெதுவாச் சொல்லு. நான்தான் அடுக்கப் போறேன்.”

ஹத்னே கண்களைத் துடைத்துக்கொண்டாள். அகலப் பலகையிலிருந்து தொடங்கிச் சொன்னாள்.