துர்கா பூஜை பார்த்த கன்ட்ரோல் எலிகள்

1. கொசுவைவிடச் சிறியது

பூஜை விடுமுறை முடிந்து லேப் திறந்த மூன்றாம் நாள், சுடலைமுத்து சார் ஒரு கண்ணாடித் தட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். எங்கள் பிரிவுத் தலைவர் அவர், பாளையங்கோட்டைக்காரர்.

"என்னவே இது?"

"கன்ட்ரோல் எலியோட தைமஸ், சார்."

"கன்ட்ரோலுக்கு இவ்வளவுதானா? கொசுவுக்கு இதவிடப் பெருசா இருக்கும்லா."

எழுபதுகளின் கடைசி அது. கல்கத்தாவில் நான் தற்காலிக டெக்னீஷியன். பிளாஸ்டிக் குழாய் சூட்டில் கெடாமலிருக்க ஆர்கனோடின் என்ற, டின் அதாவது வெள்ளீயம் கலந்த ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். அதைத் தின்றால் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் என்னவாகும் என்று பார்ப்பது எங்கள் வேலை. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில்தான் அந்த அணுக்களில் ஒரு வகை தேறி வெளியே வரும். ஆகவே பாதி எலிகளுக்குத் தீனியில் ஆர்கனோடின், மீதிப் பாதிக்கு வெறும் தீனி. வெறும் தீனிக்காரர்கள்தான் கன்ட்ரோல். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பவை. டின் தின்றவைக்குத் தைமஸ் சுருங்கும் என்று எதிர்பார்த்தோம், சுருங்கியது. கன்ட்ரோலுக்கும் சுருங்கியதுதான் வினை.

"நிமாய் தீனி டப்பாவ மாத்திட்டான்வே. மெமோ குடுக்கப் போறேன்."

நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணன், எலி ரூமைப் பார்த்துக்கொள்பவர். இருபது வருஷ சர்வீஸ். லீவில் போகுமுன் டப்பாக்களை நிரப்பி, லேபிள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். "நான் மாத்தலை, சார்" என்று வங்க மொழியில் சொல்லிவிட்டு, கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சார் மோவாயைத் தடவினார். "பயந்தாலும் தைமஸ் சுருங்கும். பூனை கீனை உள்ள வந்துச்சா?"

என் கண் அவர் மேஜைக்குப் போனது. என் வேலையை நிரந்தரமாக்கும் தாள் அவர் மேஜைமேல்தான் கையெழுத்துக்காகக் கிடந்தது.

2. தரிசனம்

பூஜை ஐந்து நாளும் தீனி போடும் டியூட்டி எனக்கு. எலி ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே தெருப் பந்தல். அதில் துர்கையோடு பிள்ளையாரும் நின்றார். அவர் காலடியில் எலி. எனக்கு மனசு இளகிவிட்டது. லீவு முடிந்ததும் நாமே அறுக்கப் போகிற ஜீவன்கள். சொந்தக்காரனையும் சாமியையும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. கன்ட்ரோல் கூண்டுகளைத் தூக்கி ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். டின் தின்றவை சோர்ந்து கிடந்தன. பாவம், அவற்றுக்குச் சத்தம் ஆகாது என்று உள்ளே ஸ்டோர் ரூமில் வைத்தேன். அவ்வளவு விவரம் எனக்கு.

ஜன்னல் கம்பியிலேயே பந்தல்காரர்கள் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார்கள். பாட்டு ஓய்ந்தால் மேளம், மேளம் ஓய்ந்தால் பாட்டு. கன்ட்ரோல் எலிகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. நான் அதைப் பக்தி என்று நினைத்தேன்.

3. வாக்குமூலம்

வாயை மூடிக்கொண்டிருந்தால் தாளில் கையெழுத்து விழும். நிமாய்தாவுக்கு மெமோ போகும். அவர் முகத்தைப் பார்த்தேன். சனியன் என்னை விட்டால்தானே.

"பூனை வரலை, சார். துர்கா வந்தாங்க."

முழுதும் கேட்ட சார் கண்ணாடித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "அஞ்சு நாளுமா?" என்றார்.

"சாமியக் கரைக்கக் கொண்டுபோற விசர்ஜனத்தன்னிக்கு மட்டும் ஜன்னல சாத்திட்டேன், சார். அதுங்க வருத்தப்படும்னு."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "மொதல்லேருந்து பூரா திரும்பச் செய்யணும். இனி ஒரு புது ஆளப் புடிச்சு, அவன் என்ன சாமி கும்பிடுவான்னு நான் எங்க போயி விசாரிக்க?"

வெளியே வந்ததும் நிமாய்தா என் முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது. உடனே டீயும் வாங்கிக் கொடுத்தார்.

குளிர்காலத்தில் எல்லாக் கூண்டுகளையும் ஒரே அறையில் வைத்து மறுபடி செய்தோம். கன்ட்ரோலின் தைமஸ் கொழுகொழுவென்று இருந்தது. டின் தின்றவைக்குச் சுருங்கியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் எண்ணிப் பார்த்தால் அணுக்களும் குறைவு. டின்னின் குற்றம் அப்போதுதான் நிரூபணமானது. லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கன்ட்ரோல் என்றால் செல்லப்பிள்ளை இல்லை. சோதிக்கிற பொருள் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும், உங்கள் இரக்கம் உட்பட.

அடுத்த பூஜைக்கு நிமாய்தாவோடு பந்தலுக்குப் போனேன். பிள்ளையார் காலடி எலியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, அதன் சொந்தக்காரர்களைப் பயமுறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். நிமாய்தா ஒலிபெருக்கியைக் காட்டி, "சத்தமா சொல்லு, அதுக்குக் காது கேக்காது" என்றார்.