என் கை கெடுக்காத சில்லு

கடுங்குளிரில் மின்தடையை இழந்துவிடும் மீக்கடத்தியில் மின்சாரம் நஷ்டமே இல்லாமல் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. நுண்ணலையைச் செலுத்தினால் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும், அதிலும் பெரும்பகுதி அந்தப் பொருளின் மேல்தோலில். இன்று குவாண்டம் கணினிக்குச் சில்லு செய்கிறவர்களும் அந்தத் தோலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். எண்பதுகளின் கடைசியில் பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த நஷ்டத்துக்கு என் கையைக் காரணம் காட்டினார்கள். நான் அங்கே உதவியாளர். அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரியேறி வருவேன்.

எங்கள் சில்லு, குளிரில் மீக்கடத்தியாகிவிடும் கறுப்பான பீங்கான் படலம். அதைத் திரவ நைட்ரஜனில் முக்கிக் குளிரவைத்து, எவ்வளவு அலை வீணாகிறது என்று அளப்போம். முதல் நாள் அருமையாக இருக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் நஷ்டம் ஏறிக்கொண்டே போகும்.

"நீங்க வெறுங்கையால தொடறீங்க," என்றார் ஆய்வுக்கூடத் தலைவரான டாக்டர். கையுறை போட்டு இடுக்கியால்தான் எடுக்கிறேன் என்றேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் ஒரு கடிதம் தட்டச்சாகி வந்தது. என் கவனக்குறைவால் சில்லுகள் கெட்டதை ஒப்புக்கொண்டு வேறு பிரிவுக்குப் போகிறேனாம். கையெழுத்துதான் பாக்கி.

அளக்கும் கருவிக்குப் பொறுப்பான, நான் அண்ணன் என்று கூப்பிடும் சக ஊழியர், "போட்டுட்டுப் போ லா, தங்கச்சி. பெரியவங்களோட எதுக்கு வம்பு?" என்றார்.

"செய்யாத தப்புக்கு நான் ஏண்ணே போடணும்? செத்தாலும் போட மாட்டேன்."

எனக்கு அப்படி ஒரு கோபம். அந்தக் கோபத்தில்தான் ஒழுங்காகப் பார்த்தேன். அண்ணன் அளந்து முடித்த சில்லை நைட்ரஜனிலிருந்து தூக்கி மேசையில் வைத்தார். உடனே அதில் வெண்பனி படர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில்போல நீர் கோத்தது. எங்கள் ஊர்க் காற்றில் துணியே லேசில் காயாது. அந்தப் படலத்துக்கோ தண்ணீர் ஆகவே ஆகாது. "அட சனியனே, நீதானா!" என்று கத்திவிட்டேன்.

ஒரே படலத்தை இரண்டாக வெட்டினோம். தினமும் அளந்தபின் ஒன்றை வழக்கம்போல மேசையில் வைத்தோம். மற்றதை உலர்ந்த வாயு நிரப்பிய மூடிய குடுவைக்குள்ளேயே குளிர் போகும்வரை விட்டோம். இரண்டையும் அண்ணன்தான் எடுத்தார், அண்ணன்தான் வைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். ஒரு வாரத்தில் மேசைச் சில்லு நாசமாய்ப் போனது. குடுவைச் சில்லு முதல் நாள் இருந்தபடியே இருந்தது.

டாக்டர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓகே லா, இனிமே எல்லாத்தையும் இப்படியே செய்யுங்க."

"அந்தக் கடிதம், டாக்டர்?"

"அது ஃபைல்ல இருக்கட்டும். நீங்கதான் கையெழுத்து போடலையே."

இருக்கட்டுமாம்! ஃபைலைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். கிழிக்கத்தான் கை துடித்தது. ஆனால் கிழித்தால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றாகிவிடும். அதன் அடியில், "சில்லுகள் கெட்டது காற்றின் ஈரத்தால், உதவியாளரின் கையால் அல்ல" என்று எழுதினேன். வரைபடத்தையும் சேர்த்துப் பின் குத்தி, பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"இப்ப நீங்க கையெழுத்து போடுங்க, டாக்டர்."

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. டாக்டர் பேனாவை வாங்கிக் கையெழுத்து போட்டார்.