பாசி தின்ற பன்றிக்கு நீல விளக்கு

காட்டுப்பன்றிகளின் மூளையை இயக்குவதற்காக, லாரி முகப்பில் ஒட்டுகிற நீல எல்இடி பட்டையை ஒரு பயிர்க்காட்டைச் சுற்றிக் கட்டியவன் நான். பலிக்கும் என்று நம்பிக்கூடச் செய்யவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

இடைசெவலில் என் மைத்துனர் பாசிப்பயறு போட்டிருந்தார். காய் முற்றுகிற நேரம் பார்த்துப் பன்றிகள் இறங்கிவிட்டன. இன்னும் சில நாள் தாக்குப்பிடித்தால் பறித்துவிடலாம். அப்படித் தவித்துக்கொண்டிருந்தவரிடம்தான், முந்தின நாள் படித்த நரம்பியலை எடுத்துவிட்டேன்.

“பாசியில ஒரு புரதம் இருக்கு மாப்ளே. செல்லோட தோல்ல கதவு மாதிரி. நீல வெளிச்சம் பட்டா தெறக்கும், மின்னூட்டத் துணுக்கு உள்ள பாயும், நரம்பு முழிச்சுக்கிடும். அந்தக் கதவ எலியோட மூளையில வச்சு லைட் அடிச்சா, நாம நெனச்ச பக்கம் எலி திரும்புது.”

“நெசமா பாசியிலயா அத்தான்?”

“பாசியிலதான்.”

நான் சொன்னது குளத்தில் பச்சையாக மிதக்கிற பாசி. கரிசல்காட்டில் பாசி என்றால் பாசிப்பயறு.

மைத்துனர் எழுந்தே விட்டார். “அப்ப பன்னிக்கு மருந்து உள்ள போயாச்சே! தெனமும் நம்ம பாசியத்தான திங்குது? லைட்டு மட்டுந்தான பாக்கி!”

அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். தின்றால் புரதம் செரித்துப்போகும். மரபணுவை ஒரு சாதுவான வைரஸின் முதுகில் ஏற்றி நரம்பு செல்லுக்குள் அனுப்ப வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் மாமனார் வீட்டில் என் பேச்சைக் கடைசிவரை கேட்ட முதல் ஆள் அவர். “பலன் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்” என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

கோவில்பட்டியில் பட்டை வாங்கி, டிராக்டர் பேட்டரியில் மாட்டினோம். பொழுது சாய்ந்ததும் காடு புதுசாகத் திறந்த செல்போன் கடை மாதிரி மின்னியது.

காலையில் போய்ப் பார்த்தோம். பட்டை எட்டாமல் இருட்டாகக் கிடந்த மேல்கோடி தப்பித்திருந்தது. வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒரு செடி இல்லை.

மைத்துனர் மேல்கோடியையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். “நரம்பு கேட்டிருக்கு அத்தான். எந்தப் பக்கம் திருப்புதோம்னுதான் நமக்குத் தெரியல.”

மிஞ்சியதை அன்றைக்கே அவசரமாகப் பறித்தோம். மடியில் காயை நிரப்பிக்கொண்டே அவர் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பாவம், இம்புட்டு நாளும் அதுக இருட்டுல தடவித் தடவித் தின்னுச்சு. அண்ணன் வந்துதான் லைட்டு போட்டுக் குடுத்திருக்காவ.”