சூரியன் பக்கத்து ஆணி

என் அடுப்பங்கரை ஆணியில் ஓர் எனாமல் குவளை தொங்குகிறது. காதில் பச்சை நூல் சுற்றியிருக்கும். அது பெரிய சிஸ்டருடையது. புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தபோது அவர்தான் தலைமை நர்ஸ். ஓய்வுபெற்ற அன்று, "வச்சுக்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கே டூட்டியை இங்கிலீஷில் பலகையில் எழுதுவார்கள். ஆயாக்கள் எங்களுக்கு அது கோழி கிண்டிய குப்பை. ஒரு தடவை யாரோ மாற்றிச் சொல்லி, நான் திருக்கோகர்ணத்திலிருந்து விடியலில் நடந்து வந்தால், எனக்கு ராத்திரி டூட்டி. பெரிய சிஸ்டர் திட்டவில்லை. மறுநாள் சுவரில் இங்கிட்டு ஒரு சூரியன், அங்கிட்டு ஒரு நிலா வரைந்து, கீழே ஆணிகள் அடித்தார். ஆளுக்கொரு குவளை, ஆளுக்கொரு நிற நூல். குவளை எந்தப் பக்கமோ அந்த டூட்டி. எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான். அடடா, என்ன பெருமை எனக்கு!

கீரனூரிலிருந்து ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தாள், கைக்குழந்தைக்காரி. இளையவள் என்பதால் எப்போதும் நிலாப் பக்கம்தான். முன்பு இருந்த சின்னப் பெண்கள் அதனாலேயே வேலையை விட்டுப் போனவர்கள். ஒருநாள் இவளும் கண் வீங்கி வந்து, "நான் நின்னுக்கிறேன் சிஸ்டர்" என்றாள்.

"நின்னுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒன் குவளைய எங்க வேணுமோ அங்க மாட்டு, பாப்போம்."

எடுத்தாள். சூரியன் பக்கம் ஓர் ஆணிகூடக் காலியில்லை. குவளையோடு அப்படியே நின்றாள். பெரிய சிஸ்டர் எழுந்து, தன் பச்சை நூல் குவளையைக் கழற்றி நிலாப் பக்கம் மாட்டினார். தலைமை நர்ஸ் ராத்திரி டூட்டி பார்த்து அதுவரை யார் கண்டது? காலியான ஆணியில் கீரனூர்க்காரி தன் குவளையை மாட்டினாள்.

மூத்த நர்ஸ் ஒருத்தியும் தன்னுடையதைக் கழற்றினாள். "எனக்கும் ராத்திரியே இருக்கட்டும். வீட்ல அவரு கொறட்டைக்கு இங்க நோயாளி முனகுறது தேவல."

அதன்பின் அவரவர் குவளையை அவரவரே பேசி மாட்டினார்கள். சண்டையும் வரும், சிரிப்பும் வரும். கீரனூர்க்காரி அங்கேயே தலை நரைத்து, பெரிய சிஸ்டர் நாற்காலியிலும் உட்கார்ந்தாள்.

என் பேத்தி இப்போது திருச்சியில் நர்ஸ். டூட்டி போனில் வருகிறது. போன வாரம் வந்தவள், "எப்பவும் ராத்திரி டூட்டிதான். விட்ரலாமான்னு இருக்கு அப்பத்தா" என்றாள்.

"மாத்திக் கேளேன்த்தா."

"யார்ட்ட கேக்குறது? கம்ப்யூட்டர்தான போடுது."

ஆணியிலிருந்து குவளையை எடுத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். பச்சை நூலைத் தடவிக்கொண்டே, "இது யாரோடது?" என்றாள்.

"தானா நெலாப் பக்கம் போனவங்களோடது" என்றேன்.